இடைக்காலத் தடை

கம்மனஹள்ளி மெயின் ரோட்டில்
பேக்கரிக்கு மேல் இரண்டாம் மாடி.
ரஸ்க் வாசனை லிஃப்டுக்குள்ளும் ஏறி வரும்.
செவ்வாய், வியாழன், சனி
இருபத்தைந்து நிமிடம்
உள்ளே சிவப்பு லேசர் பதித்த ஒரு தொப்பிக்கு
என் தலையை வாடகைக்கு விடுகிறேன்.
இல்லை, தவறு.
வாடகை கொடுப்பது நான்.
பன்னிரண்டு தவணை.

தொலைந்த குடையைத் தேடி
அலுவலக செக்யூரிட்டி பின்னோக்கி ஓட்டிய காட்சியில்
உச்சி வெளுத்த யாரோ ஒருத்தி
லிஃப்டுக்குள் நுழைந்தாள்.
அவள் கையில் என் குடை.

முதல் நாள் திரையில் காட்டினார்கள்,
ஐம்பது மடங்கு பெருக்கி.
வறண்ட ஏரியில் பிளாட் போட்டுவிட்டு
ஆள் வராமல் போனது போல் இருந்தது.
"ஒரு குழியில் மூன்று முடி இருக்கணும்.
உங்களுக்கு ஒன்று. சில இடத்தில்
அதுவும் பூனைமயிர்" என்றார் டாக்டர் நஸ்ரீன்.
மூன்று பேர் இருந்த இடத்தில் ஒருத்தி என்றதும்
எனக்கு வேறு ஒரு வீடு நினைவு வந்தது.
அதற்கு அவரிடம் கருவி இல்லை.

"முளைக்குமா?"
"இருப்பதைக் காப்பாற்றலாம்."
கேட்டதற்கு அது பதில் இல்லை.
கையெழுத்துப் போட்டேன்.

தொப்பியைப் பொருத்துபவள் ரின்பூயி.
ஐஸால்காரி. இடுப்பைத் தாண்டும் கூந்தலை
பேனாவைச் செருகிக் கொண்டையாக்கியிருப்பாள்.
நாங்கள் இருக்கும்வரை அதை அவிழ்ப்பதில்லை,
அப்படி ஒரு நாகரிகம்.
"சுடாது மேடம், வலிக்காது"
ஒவ்வொரு முறையும் சொல்வாள்.
வலித்தால் தேவலை என்றிருக்கும்.
ஏதோ நடக்கிறது என்றாவது நம்பலாம்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பையன்.
பிப்ரவரியில் கல்யாணமாம்.
அவனுக்கு நெற்றி ஏறுகிறது,
எனக்கு வகிடு அகலமாகிறது.
பெயர் தெரியாது, உச்சந்தலை தெரியும்.
ஒருநாள் லிஃப்டில்
"உங்களுக்கு நல்ல முன்னேற்றம்" என்றான் கன்னடத்தில்.
"உனக்கும்தான்" என்றேன்.
தரைத்தளம் வருவதற்குள்
இரண்டு பொய்யும் ரஸ்க் வாசனையில் நமுத்துப்போயின.

மெட்ரோவில் உயரமானவர்கள் அருகே நிற்பதில்லை.
ஐந்தடி ஓர் அங்குலக்காரிக்கு
இந்த ஊரே மேல்மாடி ஜன்னல்.

முடியும் என்றால் தமிழில்
ஆகும் என்றும் பொருள்,
தீர்ந்துபோகும் என்றும் பொருள்.
மூன்றாவதாக ஒன்று இருக்கிறது,
அதற்குத்தான் மாதாமாதம் கட்டுகிறேன்.

எங்கள் தெருமுனையில் சாலையை அகலப்படுத்துகிறார்கள்.
தூங்குமூஞ்சி மரங்களுக்கு வெள்ளைப் பெயிண்டில் எண்.
பதினேழு வரை வெட்டியாயிற்று.
பிறகு யாரோ கோர்ட்டுக்குப் போய்
இடைக்காலத் தடை வாங்கினார்கள்.
பதினெட்டு நிற்கிறது.
உயருமா, கிளைக்குமா என்று
நீதிபதியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.
நிற்கலாம், அவ்வளவுதான் உத்தரவு.
அதனடியில் ஒருவர் கடலை அவிக்கிறார்.
அடுத்த வாய்தா எப்போது என்று விசாரித்தேன்.
அவர் என் தலையைப் பார்க்காமல் 
பொட்டலத்தை மடித்துக்கொண்டே சொன்னார்:
"தள்ளித் தள்ளிப் போகுது மேடம், நல்லதுதான்."

மார்ச்சில் பையன் வந்தான்,
முழு மொட்டையாக.
வேண்டுதலா, கல்யாணம் நின்றதா,
அல்லது போதும் என்று ஒரு காலையில்
அவனே எடுத்துவிட்டானா,
ரின்பூயி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
தொப்பி அவனுக்கு லொடலொடவென்று இருந்தது.
பஞ்சு வைத்து இறுக்கினாள்.
கண்ணை மூடிக்கொண்டே என் பக்கம் திரும்பி
அவன்தான் சொன்னான்:
"ஜூன் வரைக்கும் கட்டியாச்சு."

சிரிப்பில் என் தொப்பி ஆடியது.
"அசையாதீங்க மேடம்" என்றாள்.
அசையவில்லை.
இன்னும் பத்தொன்பது நிமிடம்.